பச்சை அட்டைக்காரன்

திங்கட்கிழமை காலை, மீன் ஆலையின் சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையுறையைக் கழற்றிவிட்டால் எல்லோருடைய விரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: ஊறி, வெளுத்து, பழைய வெட்டுத் தழும்புகளோடு. ரிக்கே ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கையேட்டை வைத்துக்கொண்டே போனாள். எண்பத்து நான்கு பக்கம். போன வாரம் லாரியில் வந்து இறங்கிய மீன் அறுக்கும் மெஷினைப் பற்றியது.

வெள்ளிக்கிழமை எழுத்துத் தேர்வு. முப்பது கேள்வியில் இருபத்து நான்கு சரியாக இருந்தால் மெஷினில் வேலை. இல்லாவிட்டால் வேலையே இல்லை. கையால் அறுக்கும் மேசைகளை மாதக் கடைசியில் கழற்றிவிடப் போகிறார்கள். வரிசைக்குத் தலைவி என்பதால் பாடம் நடத்தும் பொறுப்பை ரிக்கே தலையில் கட்டியிருந்தார்கள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. பத்து வருஷமாக அதே மேசையில் நின்று கத்தி பிடித்தவள். டீச்சர் வேலை அவள் கேட்டு வாங்கியதில்லை.

த்ரோல்ஸ் கையேட்டைத் திறக்கவில்லை. அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்தான்.

"எனக்கு இது வேணாம் ரிக்கே. நேரா மெஷின்கிட்ட கூட்டிட்டுப் போ."

"தேர்வு தாள்ல வருது, மெஷின்ல வரல."

"எனக்குத் தாள் ஒட்டாது. உனக்குத் தெரியாததா? நான் பச்சை."

எதிரே இருந்த தனுத்தா நிமிர்ந்து பார்த்தாள். போலந்திலிருந்து வந்து ஆறு வருஷமாகிறது; வேலைக்கு வேண்டிய பேச்சு அவளுக்கு வரும், அதற்கு மேல் தட்டுத்தடுமாறித்தான்.

"பச்சைன்னா? மரம் வெட்டக்கூடாதுன்னு சொல்ற கட்சியா?"

அறையே சிரித்தது. த்ரோல்ஸ்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து ஓர் அட்டையை உருவி மேசையில் போட்டான். பிளாஸ்டிக் உறை ஓரத்தில் பிரிந்திருந்தது. பச்சை நிறம் வெளிறிப் பாசி நிறமாகியிருந்தது. நடுவில் ஒரு கையின் படம். கீழே உருண்டை எழுத்தில் அவன் பெயர்.

"நாலாம் வகுப்புல எங்க டீச்சர் போடில் குடுத்தது. பச்சைன்னா கையால படிக்கிறவன். காகிதத்தால இல்ல. ரிக்கேவைக் கேளு, அவ மஞ்சள்."

ரிக்கே அந்த அட்டையைப் பார்த்தாள். அவளுடைய மஞ்சள் அட்டை பதினாறு வயதிலேயே கடலுக்குள் போய்விட்டது. தொலைந்து போகவில்லை, படகுத்துறையில் நின்று அவளே எறிந்தாள்.

*

நாலாம் வகுப்பு ஆண்டைப் போல இன்னொரு ஆண்டு அந்தப் பிள்ளைகள் எவருக்கும் அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

கோடை விடுமுறையில் நகராட்சி எல்லா ஆசிரியர்களையும் ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. போனவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டு வந்தார்கள். போடில் மட்டும் தீப்பிடித்த மாதிரி திரும்பி வந்தாள். ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது, மீன்பெட்டி ஏற்றும் இழுவை வண்டியில் பழைய சோபா ஒன்று வாசலில் வந்து இறங்கியது. அதை வகுப்புக்குள் தூக்கிப் போட்டவர்களில் ரிக்கேயின் அப்பாவும் ஒருவர். "சோபாவுல படுத்துக்கிட்டே படிப்பாங்களாம். எங்க காலத்துல உக்கார நாற்காலி கிடைச்சாலே பெரிசு" என்று துறைமுகத்தில் ஒரு வாரம் இதே பேச்சு.

போடில் எதையும் காதில் வாங்கவில்லை. கூரை விளக்குகளில் பாதியைக் கழற்றினாள். அறையில் ஒரு பாதி பகல், மறுபாதி அந்தி. நடுவே கிழிந்த மீன்வலையைத் தடுப்பாகத் தொங்கவிட்டாள். எத்தனை அலசியும் அதில் மீன் வாடை போகவில்லை. பாடம் நடக்கும்போதே காரட் கடிக்கலாம், கறுப்பு ரொட்டி தின்னலாம். சிலருக்கு வாய் அசைந்தால்தான் மூளை அசையும் என்பாள். காதால் படிக்கிறவர்களுக்கு நீல அட்டை. அவர்களுக்காகத் தன் குரலிலேயே பாடங்களை ஒலிநாடாவில் பதிந்து வந்தாள். வரலாற்றுப் பாடத்தில், பழைய கடலோடிகளான வைக்கிங்குகள் படகேறும் இடத்தில் அவள் வீட்டு நாய் குரைக்கும், பிறகு போடில் "சும்மா இரு கருப்பா" என்று அதட்டுவாள். அந்த வகுப்பில் படித்த எவருக்கும் இன்றுவரை வைக்கிங் என்றால் அந்த நாய்தான்.

கையால் படிக்கிற பச்சைக்காரர்களுக்கு வகுப்பறையே தேவைப்படவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை மாடிப்படியில் குதித்துக் குதித்துப் படித்தார்கள். பின்னக் கணக்குக்குத் தட்டைமீனை எட்டாக வெட்டினார்கள். துறைமுகத்தை முழத்தால் அளந்து, மரக்கட்டையில் அதே மாதிரி ஒன்று செய்தார்கள். கலங்கரை விளக்கத்துக்குள் நிஜ பல்பு. அந்தக் கட்டைத் துறைமுகத்துக்கு த்ரோல்ஸ்தான் ராஜா. காலையில் மணியடிக்கும் முன்பே வாசலில் நிற்பான். அதற்கு முன்னால் மூன்று வருஷம் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விட்டதாக அவன் அம்மா சொல்வாள்.

இதெல்லாம் உண்மை. ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது. அது ரிக்கேவுக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

யாருக்கு எந்த அட்டை என்று கண்டுபிடிக்கப் போடில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள். அறுபத்தெட்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'இல்லவே இல்லை' தொடங்கி 'ரொம்ப ஆமாம்' வரைக்கும் ஐந்து கட்டம். ஒன்றில் டிக் போட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு வாசித்தால் ஏறும், எதற்கு ஏறாது என்று தெரிந்துகொள்வதற்காக, எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். இதில் இருக்கும் கோளாறு அந்தப் பயிற்சியில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பத்து வயது ரிக்கேவுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்துகள் தெரியும், சேர்ந்து நின்றால் கலைந்து ஓடிவிடும். அவள் முறை வரும்போது பென்சில் சீவப் போவாள், மூத்திரம் என்பாள், இருமுவாள். மூன்று வருஷம் அப்படியே ஓட்டிவிட்டாள். அவள் ரகசியம் தெரிந்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த த்ரோல்ஸுக்கு மட்டும். அவனோ ஐந்து வயதிலேயே அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, துறைக்கு வரும் படகுகளின் பெயர்களையெல்லாம் உரக்க வாசித்தவன்.

"சத்தமில்லாம இருந்தாத்தான் படிக்க வருமா?" என்று அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

"ஆமான்னு போடு."

"தனியா உக்காந்து படிக்கப் பிடிக்குமா?"

"போடு."

"புத்தகம் வாசிக்கப் பிடிக்குமா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவனிடம் அல்ல, தாளிடம். "ரொம்பப் பிடிக்கும்னு போடு."

அவன் சிரித்தான். ஆனாலும் போட்டான். அறுபத்தெட்டையும் வாசித்துச் சொல்லி, அறுபத்தெட்டுக்கும் டிக் போட்டான். பத்தாகக் கால் மணி இருக்கும்போது போடில் எழுந்தாள். "நேரம் ஆச்சு, தாளை எடுத்துட்டு வாங்க." த்ரோல்ஸின் தாள் வெறுமையாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழே வரைக்கும் விறுவிறு என்று ஒரே நேர்கோட்டில் டிக் அடித்தான். ஒரு கேள்வியைக்கூட வாசிக்கவில்லை. ஓடிப்போய்க் கொடுத்தான்.

விளக்கு, நாற்காலி, சாப்பாடு, சத்தம் எல்லாவற்றையும் பிள்ளைக்குப் பிள்ளை மாற்றிக் கொடுத்தாள் போடில். கடிகாரத்தை மட்டும் மாற்றவில்லை.

மூன்றாம் நாள் அட்டைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டவனுக்குப் பச்சை. "துடிப்பான பையன்" என்று போடில் அவன் தலையைக் கலைத்துவிட்டாள். ரிக்கேவுக்கு மஞ்சள். கண்ணால் படிக்கிறவள், தனிமை விரும்புகிறவள், வாசிப்பில் ஆசை உள்ளவள். அந்திப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மூலை, ஒரு மேசை விளக்கு, ஒரு கட்டுப் புத்தகம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது முதல் வாரமே போடிலுக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. "ஆசை இருக்குன்னு எழுதியிருக்கியே, அப்புறம் என்ன" என்று தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சள் அட்டையை வரிக்குக் கீழே வைத்து, ஒரு வரியை மட்டும் பார்க்கச் சொன்னாள். வரி முடிந்தால் அட்டையைக் கீழே இழுக்க வேண்டும். அந்த விளக்கடியில்தான் எழுத்துகள் ஓடுவதை நிறுத்தின. ஈஸ்டருக்குள் ரிக்கே வாசித்தாள்.

அடுத்த ஆண்டு போடிலுக்கு வேறு வகுப்பு. சோபா போயிற்று, வலை போயிற்று. புது ஆசிரியர்கள் புத்தகத்தைத் திறக்கச் சொன்னபோது த்ரோல்ஸ் அட்டையைக் காட்டினான். "அவன் பச்சைங்க" என்று அம்மாவும் சொன்னாள், தலைமை ஆசிரியரும் சொன்னார், கடைசியில் அவனே சொன்னான். சொல்லிச் சொல்லி, படகின் பெயர்களை வாசித்த பையன் எங்கோ போய்விட்டான். போன் செய்தியும் கால்பந்து முடிவும் வாசிப்பான், அவ்வளவுதான்.

*

திங்கட்கிழமை ரிக்கே கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். ஆறாம் பக்கத்தில் மூத்தவள் கெர்டா குறட்டை விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வேறு மாதிரி வந்தாள். இரவெல்லாம் யோசித்து ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. போடில் செய்ததைத்தான் செய்தாள். கெர்டாவுக்காகக் கையேட்டைத் தன் குரலில் போனில் பதிந்து கொடுத்தாள். கெர்டா காதில் மாட்டிக்கொண்டு பேரனுக்குக் காலுறை பின்னினாள்; நடுநடுவே துறைமுகத்துச் சங்கு ஊதுவதும் கேட்டது. தனுத்தாவுக்காக மெஷினின் படங்களைச் சுவர் முழுக்க ஒட்டி, ஒவ்வொரு பாகத்திலும் அவள் மொழியிலேயே பெயர் எழுதச் சொன்னாள். மற்றவர்களை இரண்டிரண்டு பேராக மெஷினைச் சுற்றி நிறுத்தினாள்.

த்ரோல்ஸிடம் மெஷினின் கத்திக் கூட்டைப் பிரிக்கக் கொடுத்தாள். பதினோரு நிமிஷத்தில் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டினான். பொருத்த வந்த கம்பெனி ஆளுக்கே இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

"பாத்தியா?" என்றான் த்ரோல்ஸ், எண்ணெய்க் கையைத் தூக்கிக் காட்டி. "இந்தக் கை ரெண்டும் பாஸ்."

புதன்கிழமை மாதிரித் தேர்வு வைத்தாள். கெர்டா இருபத்தேழு. தனுத்தா இருபத்து நாலு. த்ரோல்ஸ் மூன்று நிமிஷத்தில் எழுந்து தாளைக் கொடுத்துவிட்டுப் புகைக்கப் போனான்.

ரிக்கே அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். முப்பது டிக். எல்லாம் கடைசிக் கட்டத்தில், மேலிருந்து கீழே ஒரே நேர்கோடு. சரியானவை நான்கு.

மேலாளர் ஹென்னிங்கிடம் போய் நின்றாள். அவர் வழக்கம்போலத் தலைமுடியை மூடும் வலையைக் கழற்ற மறந்து, காதில் போனோடு இருந்தார்.

"த்ரோல்ஸுக்குக் கேள்விய நான் வாசிச்சுச் சொல்லலாமா? அவனுக்கு எல்லாம் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா மெஷின் மக்கர் பண்ணினா திரையில எழுத்துதான் வரும். கத்தி சுத்திக்கிட்டு இருக்கும்போது யாரு ஓடிவந்து வாசிச்சுக் காட்டுறது? நீயா?"

அவள் வெளியே வந்து த்ரோல்ஸைத் தேடினாள்.

த்ரோல்ஸ் பனிக்கட்டிக் கிடங்குக்குப் பின்னால், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். ரிக்கே சுற்றி வளைக்கவில்லை.

"நீ பச்சை இல்ல த்ரோல்ஸ்."

"என்ன உளர்ற?"

"அன்னிக்கு என் தாளை நீதான் வாசிச்சு எழுதின. அறுபத்தெட்டு கேள்வி. உன் தாளுக்கு நேரமே இல்லாமப் போச்சு. இன்னிக்குப் போட்டியே, அதே மாதிரி கோடு இழுத்துக் குடுத்த. அதைப் பாத்துத்தான் போடில் உனக்குப் பச்சை குடுத்தா."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சிகரெட் தானாக எரிந்துகொண்டிருந்தது.

"உனக்கு இது எப்ப இருந்து தெரியும்?"

"அன்னிலேருந்து."

"பத்தொன்பது வருஷம்."

"ம்."

"போடில் செத்தப்போ பெட்டிய நான் தூக்கினேன். நீ பக்கத்துல நடந்து வந்த. அப்பவும் தெரியும்?"

"தெரியும். சொன்னா எனக்குக் கிடைச்ச மூலையும் விளக்கும் உன்னோடதுன்னு ஆயிடும்னு பயம். சின்னப்போ அந்தப் பயம். பெரிசானப்புறம் வெட்கம்."

"நல்லா இருக்குடி கதை." அவன் குரல் உயரவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "எனக்குப் பள்ளிக்கூடம்னு இருந்ததே அந்த ஒரு வருஷம். படி ஏறிக் குதிச்சது, அந்தத் துறைமுகம், அந்த பல்பு. வேற ஒண்ணும் இல்ல என்கிட்ட. அதுவும் தப்பாக் குடுத்ததுன்னு சொல்ல வந்திருக்கியா?"

"அந்த வருஷம் உன்னோடதுதான். யாரு எடுக்க முடியும்? உனக்கு வாசிக்க வராதுன்னு சொன்னதுதான் பொய். எனக்கு வாசிச்சுக் காட்டினதே நீதானே டா!"

அவன் சிகரெட்டைக் காலால் நசுக்கினான். "போ ரிக்கே. போய் உன் வேலையப் பாரு."

*

வியாழக்கிழமை வகுப்பு தொடங்கிக் கால் மணி கழித்து வந்தான். எல்லோருக்கும் பின்னால், சுவரோரம் நாற்காலியை உதைத்துத் தள்ளி உட்கார்ந்தான்.

"விளக்கு எங்க?"

"எந்த விளக்கு?"

"மஞ்சளுக்கு விளக்கு குடுப்பாங்களே. அந்திப் பக்கம் உக்காந்திருக்கேன். விளக்கு எங்க?"

குத்தலாகத்தான் கேட்டான். ரிக்கே ஹென்னிங்கின் அறைக்குப் போய், அவர் போனில் இருக்கும்போதே மேசை விளக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்து எரியவிட்டாள். கெர்டா ஊசியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"அட்டைய எடு" என்றாள் ரிக்கே.

"எதுக்கு? கிழிக்கவா?"

"எடுடா."

எடுத்தான். அவள் கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, அட்டையை முதல் வரிக்குக் கீழே வைத்தாள். அதற்குக் கீழே இருந்த எல்லா எழுத்தும் மறைந்து, ஒரு வரி மட்டும் தனியாக நின்றது. "முடிஞ்சதும் கீழ இழு. போடில் எனக்கு இப்படித்தான் சொன்னா."

அவன் வெகுநேரம் அந்த வரியை முறைத்தான். பிறகு உதடு அசைந்தது. "கத்தி... நிற்கும் முன்... மூடியை..." அட்டையை இழுத்தான். அன்று முழுக்கச் சுவரோரத்திலிருந்து அந்த முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போகும்போது கையேட்டை மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தேர்வு. "முக்கால் மணி நேரம்" என்று சொல்லிவிட்டு ஹென்னிங் மீன் ஏலத்துக்குக் கிளம்பினார். அரை மணியில் பாதிப் பேர் எழுந்தார்கள். முக்கால் மணியில் தனுத்தாவும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு தாளைக் கொடுத்தாள். த்ரோல்ஸ் பதினோராம் கேள்வியில் இருந்தான். பச்சை அட்டை வரிக்கு வரி இறங்கியது. சில வரிக்கு மறுபடி ஏறியது. நெற்றியில் வியர்வை.

அவன் கடிகாரத்தைப் பார்ப்பதை ரிக்கே பார்த்தாள். பேனா கடைசிக் கட்டத்தின் மேல் போய் நின்றது. மேலிருந்து கீழே இழுக்க நாலு விநாடி போதும்.

அவள் எழுந்து போய், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

த்ரோல்ஸ் தொட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு குனிந்தான்.

ஒன்பதரைக்கு ஹென்னிங் உள்ளே வந்தார். "இன்னுமா? முக்கால் மணின்னு சொன்னேனே."

"நீங்க சொன்னீங்க. தாள்ல எங்கயாவது இருக்கா?" என்றாள் ரிக்கே.

அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் புரட்டினார். எத்தனை சரியாக வேண்டும் என்றுதான் இருந்தது. எவ்வளவு நேரம் என்று இல்லை. பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். "என் விளக்கு எனக்குத் திரும்பி வரணும்" என்றார், அவ்வளவுதான்.

பத்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது த்ரோல்ஸ் பேனாவை வைத்தான். டிக்குகள் கோணல்மாணலாக, இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் தாவித் தாவிக் கிடந்தன. ரிக்கே அங்கேயே திருத்தினாள். இரண்டு தடவை எண்ணினாள்.

"இருபத்தஞ்சு."

ஹென்னிங் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, விளக்கைத் தூக்கிக்கொண்டு போனார். த்ரோல்ஸ் அசையவில்லை.

"தப்பு அஞ்சு எது?"

"அது எதுக்கு இப்ப? பாஸ்டா நீ."

"காட்டு."

காட்டினாள். அட்டையை வைத்து ஐந்தையும் மறுபடி வாசித்தான். நாலைத் தலையாட்டி ஒப்புக்கொண்டான். பதினெட்டாம் கேள்வியில் அட்டை நின்றது.

"இது தப்பில்ல. சிவப்புப் பொத்தானை அமுக்கினதும் கத்தி நின்னுடும்னு இவனுங்க எழுதியிருக்கானுங்க. நிக்காது. இன்னும் மூணு சுத்து சுத்தும். செவ்வாக்கிழமை நான் மூடி மேல கை வச்சு எண்ணினேன்."

"கையேட்டுல அப்படித்தான் இருக்கு."

"கையேட்டு அறுபத்தோராம் பக்கத்துல வேற மாதிரி இருக்கு. நேத்து வீட்டுல வாசிச்சேன். போய்ப் பாரு."

ரிக்கே புரட்டினாள். அறுபத்தோராம் பக்கத்தில், கீழே பொடி எழுத்தில் இருந்தது: மூன்று சுற்று. பன்னிரண்டு பேருக்கு ஒரு வாரம் பாடம் நடத்திய அவள் கண்ணில் அது படவே இல்லை.

"கம்பெனிக்கு எழுதணும் இத" என்றாள். "யார் விரலாவது போயிடும்."

"எழுது. என் பேரப் போட்டு எழுது." அட்டையைக் கால்சட்டையில் துடைத்துப் பர்ஸில் செருகினான். கதவு வரைக்கும் போய்த் திரும்பினான். "இருபத்தாறுன்னு மாத்து. அப்புறம் ரிக்கே, உன்மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு."

"இருக்கட்டும்."

"சும்மா சொல்லி வைச்சேன்" என்று கையுறையை மாட்டிக்கொண்டு மெஷின் இருக்கும் பக்கம் போனான்.

ரிக்கே தொட்டியிலிருந்து கடிகாரத்தை எடுத்தாள். உள்ளே தண்ணீர் போய், முள் எட்டு ஐம்பதில் நின்றிருந்தது. துடைத்து அப்படியே ஆணியில் மாட்டினாள்.